மரு உள்ள கொடி

காலை பத்தே முக்கால் மணி, முப்பத்தோரு மூட்டை, ஜெஸிந்தா. இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்தே முக்கால் மணிக்கு, நான் முறித்து, மோந்து, மென்று பார்த்து, சரி என்று உள்ளே அனுப்பிய முப்பத்தோரு மூட்டை சீந்தில் கொடியை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஜெஸிந்தா என்கிற பெண் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்தாள். லாரிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்த குமட்டல்தான், இன்னும் நிற்கவில்லை.

உங்களுக்கு ரிப்போர்ட் எத்தனை மணிக்கு என்றார்கள்? எனக்குப் பதினொன்றரை. இந்த மாதிரி இடத்தில் பதினொன்றரை என்றால் பன்னிரண்டரை. இந்த நாற்காலியில் மூட்டைப்பூச்சி இருக்கும்போல, உட்கார்ந்ததிலிருந்து அரிக்கிறது. ரத்தம் எடுக்கிற இடத்தை வைத்திருக்கிற லட்சணம். சீ.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நான் வியாதிக்காக வரவில்லை. சாட்சிக்காக வந்திருக்கிறேன். என் ஈரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் வேண்டும். அதைக் கொண்டுபோய் ஒரு மேஜையில் போட வேண்டும். அவ்வளவுதான்.

என் பெயர் மந்திரமூர்த்தி. எம்.எஸ்சி. தாவரவியல். சங்கரன்கோவில் பக்கம் ஒரு மூலிகைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரம் பார்த்தவன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், வாய் கசக்கிறது. வேர், பட்டை, இலை, கொடி, எது மூட்டையில் வந்தாலும் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு துண்டை எடுத்து முறிப்பேன். நுனி நாக்கில் வைத்து மெல்லுவேன். அப்புறம் ஒரு கேரட்டைப் பிளந்து, நடுவில் அந்தத் துண்டை வைத்து, சவர பிளேடால் வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். பக்கத்தில் எங்கள் மாதிரி ஸ்லைடு இருக்கும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மூட்டை உள்ளே, இல்லையென்றால் வெளியே. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

மாதிரி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு மாதிரிப் புட்டி உண்டு. அரக்கு வைத்து மூடியது. உள்ளே சந்தேகத்துக்கு இடமில்லாத சரக்கு இருக்கும். வருவதையெல்லாம் அதோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் நல்லது, ஒத்துப்போகாவிட்டால் கெட்டது. இதைவிட நேர்மையான முறை ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

சீந்திலுக்கு முதலில் இருந்த மாதிரி பழசு. காய்ந்த கொடியும் இலையும் அட்டையில் ஒட்டி பீரோவில் வைத்திருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதைப் பூச்சி தின்று, சல்லடையாக்கி, அட்டை முழுக்க எச்சம் போட்டு வைத்திருந்தது. தொட முடியவில்லை. மறுநாள் உரிமம் புதுப்பிக்க ஆட்கள் வருகிறார்கள். நான் பதறவில்லை. வீட்டுக்குப் போனேன். எங்கள் மதில் சுவரில் படர்ந்து கிடந்த சீந்திலில் நல்ல முதிர்ந்த கொடியாக வெட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அடுப்பனலில் உலர்த்தி, பொடித்து, புட்டியில் போட்டு அரக்கு வைத்தேன். ஸ்லைடும் புதிதாகச் செய்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எங்கேயோ காட்டில் யாரோ பிடுங்கியதைவிட, தினமும் கண்ணால் பார்த்து வளர்த்த கொடி உசத்தி இல்லையா?

அந்தக் கொடிக்கு என்ன குறை? என் மைத்துனன் மலேசியாவில் கிள்ளான் பக்கம் வேலை பார்த்தான். ஒரு தடவை ஊருக்கு வரும்போது வேட்டிக்குள் சுருட்டி ஒரு முழக் கம்பு கொண்டுவந்தான். சர்க்கரைக்கு அங்கே எல்லோரும் இதைத்தான் குடிப்பார்களாம். பத்தவாலி என்று ஏதோ பெயர் சொன்னான். வேற்றூர்க்காரன் வாயில் நம் சீந்தில் அப்படி ஆகியிருக்கும். மதிலோரம் நட்டேன், துளிர்த்ததும் இலையைப் பார்த்தேன், இதய வடிவம். கொடியைப் பார்த்தேன், உடம்பு முழுக்க மரு மருவாக, முரட்டுத்தனமாக இருந்தது. ஒரு துண்டை மென்றேன். அப்பப்பா, அந்தக் கசப்பு! நம் வேலிகளில் கிடைக்கிற சீந்தில் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நம்மூர்க் கொடியில் மருவும் இருக்காது. மேல்தோல் காகிதம் மாதிரி உரிந்து வரும், சவலைப் பிள்ளை மாதிரி. இது ஆண்பிள்ளை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அதனால்தான் கேட்டில் இருக்கிற ஆட்களுக்கு ஒரே வரியில் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மரு இருந்தால் உள்ளே, வழுவழு என்றிருந்தால் வெளியே.

இதில் மாசானம் என்று ஓர் ஆள். மலையடிவாரத்தில் ஆள் வைத்து மூலிகை பிடுங்கி நமக்குக் கொண்டுவந்து போடுகிறவன். அவன் கொண்டுவந்ததெல்லாம் வழுவழு. நான் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வழுவழு, மறுபடியும் திருப்பினேன். ஒரு நாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அய்யா, எங்க அப்பன் காலத்துலேர்ந்து இதத்தான் சீந்தில்னு போடுதோம். ஒங்களுக்கு எப்படி வேணும்னு ஒரு தடவ காட்டிருங்க. அதயே கொண்டாந்து கொட்டிருதேன்."

"ஒங்க அப்பன் மைக்ராஸ்கோப் பாத்தானாடே?" என்றேன். ஆனால் இரக்கப்பட்டேன். வீட்டுக்குக் கூட்டிப் போய் மதிலைக் காட்டினேன். நான்கு கம்பு வெட்டியும் கொடுத்தேன். அந்தக் கொடிக்கு ஒரு குணம் உண்டு தம்பி. வெட்டிப் போட்டாலும் சாகாது. கயிற்றில் தொங்கவிட்டால்கூட, மண்ணும் தண்ணீரும் இல்லாமல், காற்றைக் குடித்தே துளிர்க்கும். மாசானம் ஒரு ஏக்கர் நட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவன் மூட்டை ஒன்றைக்கூட நான் திருப்பியதில்லை. என் ஸ்லைடோடு அச்சு மாதிரி ஒத்துப்போகும். மற்ற வியாபாரிகளும் அவனிடம் கம்பு வாங்கி நட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் நம் வட்டாரத்தில் சரியான சீந்தில் பரவியது என்றால் அது என்னால்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் முதலாளி தாணு அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார். தூத்துக்குடிக்காரி. டாக்டர் பட்டம். வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம், வாங்குகிறவன் மரபணு சர்டிபிகேட் கேட்கிறானாம். என் அறைக்குப் பக்கத்திலேயே குளிர்சாதன அறை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அவள் கையுறை மாட்டிக்கொண்டு கொடியைத் தொடுவாள். கொடியைத் தொடக் கூச்சப்படுகிறவளுக்குத் தாவரவியல் எதற்கு? நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. தூளைக் கரைப்பாள், ஒரு சொட்டு எடுப்பாள், ஒரு பெட்டியில் வைத்து மூடுவாள், பெட்டி பெயர் சொல்லும். கிளி ஜோசியக்காரனாவது கிளியைக் கண்ணில் காட்டுகிறான்.

மூட்டைகளை இறக்கிய அன்று முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவள் மேஜைமேல் தன் படங்களைப் பரப்பினாள். முதலில் கொடியைக் குறுக்கே வெட்டிய தோற்றம்.

"சார், உள்ளே பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வண்டிச் சக்கரம் மாதிரி ஆரம் ஆரமா இருக்கும். அதவச்சு மட்டும் பிரிக்கிறது கஷ்டம். ஆனா மேல்பட்டையைப் பாருங்க. நம்ம சீந்தில்ல இந்த மாதிரி மரு வராது. இது வேற இனம். நெருங்குன சொந்தம், ஆனா வேற."

அப்புறம் ஒரு கண்ணாடித் தகடு. சாற்றை அதில் ஏறவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் பட்டை பட்டையாகத் தெரியும். மூன்று வரிசை இருந்தது. இடது பக்கம் ஏதோ தாவரவியல் பூங்காவிலிருந்து வரவழைத்த சீந்திலாம். நடுவில் மாசானம் மூட்டை, அந்த முப்பத்தொன்றில் ஒன்று. வலது பக்கம், என்னைக் கேட்காமலேயே, என் மாதிரிப் புட்டி. என் அரக்கை உடைத்திருக்கிறாள் தம்பி! நடுவிலும் வலதிலும் ஒரே மாதிரி பட்டைகள். இடது தனியாக நிற்கிறது. மரபணுவில் மூன்று இடங்களைப் படித்தாளாம், அதிலும் அதே கதை.

நான் நிதானமாகக் கேட்டேன். "மூட்டையும் புட்டியும் ஒத்துப்போகுதா இல்லையா?"

"அப்படியே ஒத்துப்போகுது சார். அதான் பிரச்சினை. புட்டியிலேயே தப்பு சரக்கு இருக்கு."

கேட்டீர்களா! மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று அவளே சொல்கிறாள். பிறகென்ன? மீட்டர் கட்டையிடம் போய், நீ ஒரு மீட்டர் இல்லை என்கிற கதை. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தாளில் கை துடைத்துக்கொண்டிருந்தார். எதைத் தொட்டாலும் தாள் எடுத்துத் துடைக்கிற பழக்கம் அவருக்கு.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. இந்தப் புள்ள சொல்லுதது அந்த இனத்தத் தொடர்ந்து சாப்பிட்டா ஈரலக் கெடுக்குமாம். நமக்கு ஏற்கனவே ஏழு கம்ப்ளெயின்ட் வந்து கெடக்கு."

ஏழு பேருக்கு மஞ்சள் காமாலை. நம் பொடியைச் சாப்பிட்டவர்கள். கோடையில் இந்த ஜில்லாவில் எவனுக்குக் காமாலை வரவில்லை? தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? செத்த பல்லி, பாசி, கொசுப் புழு. அதைக் குடித்துவிட்டு என் கொடிமேல் பழி. அதுவும் எந்தக் கொடிமேல்? ஈரலுக்கே மருந்து என்று பெயர் வாங்கிய சீந்தில்மேல்!

மாசானத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முன்னாலேயே வாயைத் திறந்தான்.

"அய்யா வீட்டு மதிலு கம்புதான். அவிய மரு இருக்கணும்னாவ, எங்க மலையில மருவுள்ளது கெடயாது. கேட்டதத்தான குடுத்தேன், என்ன வையாதிய."

வெட்டிக் கொடுத்த கைக்கு அவன் செய்த மரியாதை. அவன் வெற்றிலை எச்சில் மேஜைமேல் தெறித்தது. முதலாளி தாள் எடுத்துத் துடைத்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து ஜெஸிந்தா என் வீட்டுக்கு வந்தாள். மதில் கொடியில் ஒரு துண்டு வேண்டுமாம், அதையும் பார்க்க வேண்டுமாம். தாராளமாகப் பார் என்றேன். எனக்கென்ன பயம்? பின்பக்கம் போய் இருப்பதிலேயே தடித்ததாக, மரு நிறைந்ததாகப் பார்த்து வெட்டினேன். அதற்குள் என் மனைவி கோமு அவளை அடுக்களையில் உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறாள்.

கோமுவைப் பற்றிச் சொல்லவில்லையே. அதற்கு முந்தின வருஷம் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலையில் மதில் கொடியில் ஒரு சாண் வெட்டி, நசுக்கி, கொதிக்க வைத்து, ஒரு டம்ளர் நானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். மூக்கைப் பிடித்துக்கொள்வாள், கண்ணில் தண்ணீர் வரும், ஓங்கரிப்பாள். குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பேன். விட்டால் ஏமாற்றிவிடுவாள், எனக்குத் தெரியும். சர்க்கரை நன்றாக இறங்கியது. ஆனால் ஜனவரியிலிருந்து சோறு இறங்கவில்லை என்றாள், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். பிப்ரவரியில் கண் மஞ்சள். தண்ணீர்தான், வேறென்ன? நான் டம்ளரைச் சொம்பாக்கினேன்.

டாக்டரிடமும் கூட்டிப்போனேன். சின்னப் பையன். கோமுவைத் தொட்டுவிட்டுக் கையில் ஏதோ திரவத்தைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டான், அவள் கண் முன்னாலேயே. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். மருந்து என்றால் கடையில் வாங்குவது. இது நம் வீட்டு மதிலில் கிடப்பது. ரத்தத்தில் பிலிருபின், அதாவது காமாலையைக் காட்டுகிற அளவு, எட்டு என்று வந்தது. வைரஸ் எதுவும் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது என்றான். படித்த படிப்பு அவ்வளவுதான்.

சரி, ஜெஸிந்தாவுக்கு வருகிறேன். நான் கொடியோடு உள்ளே வந்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காபி அப்படியே இருந்தது. ஜெஸிந்தா அடுப்பில் இருந்த கஷாயச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமு என்னைப் பார்க்கவில்லை. "என்ன ரகசியம்?" என்றேன். "பொம்பளையாளுக ஆயிரம் பேசுவோம்" என்றாள் கோமு. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பதில் சொன்னதே இல்லை. வந்தவள் கிளப்பிவிட்டுப் போன காற்று.

ஆனால் அதில் ஒரு நல்லது நடந்தது. அன்றிலிருந்து கோமு கஷாயத்துக்கு அடம்பிடிப்பதை நிறுத்திவிட்டாள். "வச்சிட்டுப் போங்க, சாமி கும்பிட்டுட்டுக் குடிச்சிருதேன்" என்பாள். அரை மணியில் சொம்பு காலியாக இருக்கும். ஓங்கரிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. மனசு வைத்துக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏப்ரலில் பிலிருபின் நாலு. ஜூனில் ஒன்றே கால். ஜூலையில் ஒன்றுக்குக் கீழே. கண் பளிச்சென்று ஆகிவிட்டது. வடையும் சட்டினியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

விடுவேனா? ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனேன். அதற்குள் என்னை மாசானத்தோடு சேர்த்து ஒதுக்கி, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பொடியைக் கடைகளிலிருந்து திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மேஜையில் தாள்களைப் பரப்பினேன்.

"பாருங்க. மதில் கொடி. தினமும் ஒரு சொம்பு. ஈரலைக் கெடுக்குமா, குணமாக்குமா? படிச்சவங்க சொல்லுங்க."

ஜெஸிந்தா ஒவ்வொரு தாளாகத் தேதி பார்த்து அடுக்கினாள். பிறகு கேட்டாள்: "அம்மா இப்ப நல்லா இருக்காங்கல்ல சார்?"

"ஜம்முன்னு இருக்கா."

"அது போதும் சார்."

தோற்றவள் பேச்சு இப்படித்தான் இருக்கும். அது போதுமாம். எனக்குப் போதாதே! இருபத்தாறு வருஷத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் துடைத்துவிட்டு, அது போதுமா? அங்கேயே சொன்னேன். "நாளையிலேர்ந்து நானே குடிக்கேன். ஒரு சொம்பு இல்ல, ரெண்டு சொம்பு. மூணு மாசம் கழிச்சு என் ரத்தத்தை எடுத்து உங்க பெட்டியில வச்சுப் பாருங்க."

"அண்ணாச்சி, சும்மா இரிங்க, வேண்டாம்" என்றார் முதலாளி. அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "சார், குடிக்காதீங்க. ப்ளீஸ். நான் வேணும்னா மன்னிப்புக் கேக்குறேன், எழுதிக் குடுக்குறேன். குடிக்காதீங்க." கண்ணில் தண்ணீர். மூக்கை உறிஞ்சுகிறாள். அறிவியலில் அழுகைக்கு என்ன வேலை? எனக்கு அருவருப்பாக இருந்தது. என் மாதிரிப் புட்டியை எடுத்துப் பையில் போட்டேன். என் புட்டி, என் அரக்கு. வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு சொம்பு. கோமு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் சொம்பை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"குடிக்காதிய. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

"ஏன், நீ குடிச்சுத்தான நல்லாயிட்ட?"

"நான் குடிக்கல."

"என்னது?"

"அந்தப் புள்ள வந்துட்டுப் போன நாள்லேர்ந்து ஒரு வாய் குடிக்கல. அம்புட்டையும் வாழ மூட்டுல ஊத்துனேன். குடிக்காததுனாலதான் உசிரோட நிக்கேன். இப்ப புரியுதா?"

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கோபப்படவில்லை. தோட்டத்துக்குப் போனேன். வாழையைப் போய்ப் பார்த்தேன். ஆய்வு செய்கிற புத்தி அப்படித்தான் போகும். வாழை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, பச்சைப் பசேல் என்று இலை, நல்ல குலை தள்ளியிருக்கிறது. ஐந்து மாதம் தினமும் ஒரு சொம்பு விஷம் குடித்த வாழை இப்படி இருக்குமா? அவள் ஊற்றவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. ஊற்றியிருந்தால் அது விஷமில்லை என்பதற்கு இதுவே சாட்சி. எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் சொன்னதுதான் வருகிறது. திரும்பி வந்து கோமுவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாழைக்கு ஈரல் உண்டாங்க?" என்றாள்.

பாருங்கள், யார் சொல்லிக்கொடுத்த பேச்சு! அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, கட்டின புருஷனிடம் ஐந்து மாதம் நடித்தேன் என்று ஒருத்தி சொல்கிறாள். நடித்தது பொய்யா, நடித்தேன் என்பது பொய்யா, இரண்டில் எது அதிகம் அருவருப்பு என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை பேரில், லாரிக்காரன், மாசானம், முதலாளி, அந்தப் பெண், இத்தனை பேரில் எனக்கு ரொம்பக் குமட்டியது அதுதான். அன்றிலிருந்து அவள் கையால் போட்டுக் கொடுக்கிற சோறு எனக்கு இறங்கவில்லை. மோர்கூட இறங்கவில்லை. சமையல் வாசனை வந்தாலே திண்டாட்டமாக இருக்கிறது. எட்டுக் கிலோ குறைந்துவிட்டேன். மனசு வெறுத்துவிட்டால் உடம்பு இப்படித்தான் காட்டும், இல்லையா தம்பி?

ஏன் என் கண்ணையே பார்க்கிறீர்கள்? ராத்திரி தூக்கமில்லை, இந்த அரிப்பில் எவன் தூங்குவான்? வீட்டு மெத்தையிலும் பூச்சி வந்துவிட்டது. கோமு வெயிலில் போட்டுத் தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்கிறாள். இப்போது அவள் சொல்வது எதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை.

கூப்பிடுகிறார்கள். நான்தான், மந்திரமூர்த்தி. கொடும்மா. இருங்கள் தம்பி, கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

பிலிருபின் பதினொன்று புள்ளி நான்கு.

பக்கத்தில் பாருங்கள், ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். யார் அளவு இது? எவனையோ நாலு பேரை உட்கார வைத்து ரத்தம் எடுத்து, இதுதான் சரி என்று முடிவு கட்டியிருப்பார்கள். அந்த நாலு பேர் சரியானவர்கள் என்று யார் பார்த்தது? ஏம்மா, இங்கே வா. உங்க மிஷினுக்கு மாதிரி எங்கேருந்து எடுத்தீங்க? நான் கேக்குறது புரியுதா? எதோட ஒப்பிட்டு இதத் தப்புங்கிறீங்க?

பார்த்தீர்களா, பேச்சை மாற்றுகிறாள். உடனே டாக்டரைப் பாருங்க, கூட யாராவது வந்திருக்காங்களா என்கிறாள். யாரும் வரவில்லை. கோமு வருகிறேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். மறுபடியும் ரத்தம் எடு என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

கொடி இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இல்லை. போன மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது கோமு அரிவாளை எடுத்து மதிலில் இருந்ததை அடியோடு வெட்டிவிட்டாள். வெட்டிப் போட்டால் சாகாது என்பது அவளுக்கும் தெரியும். அதனால் துண்டு துண்டாக நறுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறாள். பச்சைக் கொடி எரிகிற நாற்றம் தெரு முழுக்க. நான் தலை துவட்டாமல் ஓடினேன். சாம்பலைக் கிளறியதில் கருகாத ஒரு முழம் அகப்பட்டது. அதை எடுத்துப் போய் மொட்டைமாடியில் துணிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். இப்போதைக்கு மாதிரிப் புட்டியில் இருக்கிற தூளைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன், தைப்பொங்கல்வரை வரும்.

அக்டோபர் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளியன்று காலையில் போய்ப் பார்த்தேன். துளிர்த்திருந்தது.